வயர் மாறும், வழி இருக்கட்டும்: புது வீட்டு வயரிங் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டி வருகிறோம். தரைத்தளக் கூரைக்கு இன்னும் மூன்று வாரத்தில் கான்கிரீட் போடுகிறார்கள். இப்போது குடியிருக்கும் வீட்டில் அறைக்கு அறை டெலிபோன் வயரும் டி.வி. கேபிளும் சுவருக்குள் பூசி வைத்திருக்கிறார்கள். இன்று இரண்டுமே பயன்படவில்லை; இன்டர்நெட் கேபிள் மட்டும் சுவரோரம் ஆணியடித்து ஓடுகிறது. புது வீட்டில் இருபது வருடமாவது தாங்கும்படி எந்தக் கேபிளைப் போடுவது? எலெக்ட்ரீஷியன், "எல்லாம் வைஃபை ஆகிவிட்டது, டேட்டா வயரே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் முழு வீட்டையும் ஸ்மார்ட் சிஸ்டத்தில் செய்துவிடச் சொல்கிறார். எல்லாவற்றையும் இப்போதே செய்யப் பணம் இல்லை. எதை முதலில் செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இருபது வருடம் தாங்கும் கேபிளைத் தேட வேண்டாம். செம்பு கெடாமல் அப்படியே இருக்கும். அதன் வழியாகப் போக வேண்டியதுதான் மாறிவிடும். டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளையே பாருங்கள். 2009-ல் வந்த 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 கிகாபிட் கடத்தியது. 2013-ல் வந்த 2.0 அதை 18 ஆக்கியது. 2017-ல் வந்த 2.1 அதை 48-க்குக் கொண்டுபோனது. எட்டே வருடத்தில் இவ்வளவு மாற்றம். அந்தக் கேபிளைச் சுவரில் வைத்து நேரே பூசிவிட்டவர்களுக்குச் சுவரைக் கொத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அகலமான பைப்புக்குள் விட்டவர்கள் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொண்டார்கள்.

அதனால் உங்கள் பணம் போக வேண்டிய வரிசை இது: முதலில் பைப், பாக்ஸ், மாடிக்கு ஏறும் பாதை, மெயின் போர்டில் காலி இடம். அடுத்து ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்), ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த். அதற்கு அடுத்து, இன்றைக்கே தேவைப்படும் கேபிள்கள். கருவிகள் கடைசியில், அவற்றைக் குடிபோன பிறகும் வாங்கலாம். சுவருக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் போகிற பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் பைப்பிலிருந்தே தொடங்குவோம்.

வீட்டு வேலைக்கு வழக்கமாக 20 மி.மீ. பைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றத்துக்கு இடம் வைக்க நினைக்கும் வீட்டில் 25 மி.மீ.க்குக் கீழே எதையும் போட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 25 மி.மீ. என்பது வெளிவிட்டம்; உள்விட்டம் சுமார் 21 மி.மீ. தான். கேட் 6 (கேட்டகிரி 6) என்ற தரத்து டேட்டா கேபிள் ஒன்றின் தடிமன் சுமார் 6 மி.மீ. மூன்றோ அதற்கு மேலோ கேபிள் போனால், பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அந்தக் கணக்கில் 25 மி.மீ. பைப்பில் நான்கு கேபிள் போகும். 20 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 16, 17 மி.மீ. தான் என்பதால் அதில் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 32 மி.மீ. பைப்பில் எட்டு வரை இழுக்கலாம். மீதி 60 சதவீதம் வீணாகப் போகிற இடம் இல்லை. கேபிள் உரசாமல் நகரவும், நாளைக்கு இன்னொன்று சேரவும் அந்த இடம் வேண்டும்.

பைப்பின் அளவைவிட அதிகமாகக் காலை வாரிவிடுவது வளைவு. சிறிய எல்போ ஒன்றை மாட்டினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது எல்போவுக்குப் பிறகு கேபிள் நகராது. பலமாக இழுத்தால் உள்ளே இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் இழைகளின் ஜோடி முறுக்கு குலைந்துபோகும். நான்கு ஜோடி டேட்டா கேபிள் தாங்கும் இழுவிசை 110 நியூட்டன்தான், அதாவது சுமார் 11 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. ஒருவர் காலை ஊன்றி இழுத்தாலே அதைத் தாண்டிவிடுவார். ஆகவே டேட்டா பைப்பில் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போடச் சொல்லுங்கள். வளைவின் ஆரம் உள்விட்டத்தைப் போல ஆறு மடங்கு இருக்க வேண்டும், 25 மி.மீ. பைப்புக்கு அது சுமார் 13 செ.மீ. பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வளைத்தால் வாய் நசுங்காது. ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வளைவு தவிர்க்க முடியாதென்றால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள்.

கூரைக் கான்கிரீட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் இடத்தில் மட்டும் நீண்ட வளைவுக்கு இடம் போதாது, ஏனென்றால் கான்கிரீட்டின் தடிமனே அவ்வளவுதான். அங்கே எல்போ வந்தே தீரும் என்றால், அதற்கு நேர்கீழே, கூரையிலிருந்து ஒரு சாண் இறங்கி, சுவரில் ஒரு பாக்ஸ் வையுங்கள். கேபிளை அந்த பாக்ஸ் வரை ஒருமுறை இழுத்து, அங்கிருந்து மறுமுறை கீழே விடலாம். மூடி போட்டுச் சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். பூச்சுக்குள் மறைக்க மட்டும் விடாதீர்கள். மறைந்துபோன ஜங்ஷன் பாக்ஸ் யாருக்கும் பயன்படாது.

கான்கிரீட்டுக்குள் போகும் பைப் மேல் கம்பி வலைக்கும் கீழ் கம்பி வலைக்கும் நடுவில் இருக்க வேண்டும், சென்ட்ரிங் பலகையைத் தொடக் கூடாது. பல பைப்புகளை ஒன்றாகக் கட்டி ஒரே இடத்தில் ஓட்டுவது கூரையைப் பலவீனமாக்கும். இரண்டு பைப்புகளின் மையத்துக்கும் மையத்துக்கும் நடுவே விட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி விடுங்கள். பீமையோ தூணையோ துளைத்துப் போக வேண்டியிருந்தால் கட்டட இன்ஜினியர் வரைபடத்தில் குறித்துக் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். அதை எலெக்ட்ரீஷியன் தன் முடிவாகச் செய்யக் கூடாது.

பைப் அடைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒட்டாமல் செருகிவிட்ட இணைப்பு வழியாகச் சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். எல்லா இணைப்புக்கும் பசை தடவ வேண்டும், எல்லா வாய்க்கும் மூடி போட வேண்டும். பேப்பரைச் சுருட்டி அடைப்பது போதாது, நனைந்ததும் உள்ளே போய்விடும். கம்பி கட்டி முடித்ததும், பைப் வாயைவிடக் கால்வாசி சிறிய மரக்குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு பைப்பிலும் இழுத்துப் பாருங்கள். கான்கிரீட் போட்டுப் பலகை பிரித்த பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அடைப்பு இருந்தால் சுவர் பூசும் முன்பே தெரிந்துவிடும், அப்போது மாற்றுவழி எளிது. பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் அந்தப் பைப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

காலியாக விடும் ஒவ்வொரு பைப்பிலும் 2, 3 மி.மீ. நைலான் கயிறு ஒன்றை விட்டு இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். பருத்திக் கயிறு மக்கிவிடும், இரும்புக் கம்பி துருவேறும். பிற்காலத்தில் கேபிள் இழுக்கும்போது அதோடு ஒரு புதுக் கயிற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறைக்குக் கயிறு இருக்காது. வருகிற ஆள் மறந்துவிடுவார், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

இனி, பைப்புகள் எங்கே கூட வேண்டும் என்பது. இன்டர்நெட் வருகிற இடம், ரௌட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), கேமராப் பதிவுப் பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். அங்கிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனித்தனிப் பைப் போக வேண்டும். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலியாகக் கோர்த்தால், நடுவில் ஒன்று பழுதானதும் அதற்கு அப்பால் எல்லாம் நின்றுவிடும். பழைய டெலிபோன் வயரிங் அப்படிக் கோர்த்ததுதான். அதை டேட்டாவுக்குத் திருப்ப முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மையத்துக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், குறைந்தது 20 செ.மீ. ஆழமுள்ள மாடமோ அலமாரித் தட்டோ போதும். கதவில் மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும். மாடிப்படிக்கு அடியில் மூடிய பெட்டியாக வைப்பது பலரும் எடுக்கும் முடிவு. காற்று இல்லாத இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கருவி வெப்பத்தாலேயே சீக்கிரம் போய்விடும். இரும்புப் பெட்டிக்குள் ரௌட்டரை வைத்தால் வைஃபை வெளியே வராது, அதனால் இரும்புப் பெட்டி என்றால் வைஃபை கருவி அதற்கு வெளியே இருக்க வேண்டும். அங்கே ஆறு பிளக் பாயின்ட் வையுங்கள். அதன் சர்க்யூட் பேக்அப் போர்டிலிருந்து வரட்டும் (அந்த போர்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). தெருவிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு 32 மி.மீ. பைப், நீண்ட வளைவுகளோடு. ஒன்றில் இன்றைய ஃபைபர் வரும். இன்னொன்று காலியாக இருக்கும். ஃபைபரை ஒட்டுவேலை இல்லாமல் தலையோடு சேர்த்தே இழுக்க வேண்டியிருந்தாலும் அந்த அகலத்தில் தாராளமாகப் போகும். வெளிச்சுவரைத் துளைக்கும் இடத்தில் பைப் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்தால் மழைநீர் நேரே ரௌட்டரின் தலையில் இறங்கும்.

உங்களுடையது இரண்டு தளமுள்ள வீடு என்பதால் மிக முக்கியமானது மாடிக்கு ஏறும் பாதை. மையத்திலிருந்து முதல் தளத்துக்கும் அங்கிருந்து மொட்டை மாடிக்கும் 50 மி.மீ. பைப் இரண்டு, நேர்கோட்டில் ஏற்றுங்கள். ஒன்று டேட்டாவுக்கு, இன்னொன்று மின்சாரத்துக்கு. ஒவ்வொரு தளத்திலும் திறக்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும். இந்த வீட்டில் இனி வரப்போகும் எதுவும், மாடியில் ஒரு அறையோ, இன்று பெயர் தெரியாத ஏதோ ஒன்றோ, இந்த இரண்டு பைப் வழியாகத்தான் ஏறும். கான்கிரீட்டுக்கு முன் செய்ய ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் தளத்துக்குத் தளம் வாயைத் தீத்தடுப்புக் களிம்பால் அடைக்க வேண்டும். சிமென்ட் வேண்டாம், களிம்பைத் தேவைப்படும்போது எடுத்துவிடலாம்.

மின்வயரும் டேட்டா கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. டேட்டாவில் மின் இரைச்சல் கலப்பதைவிடப் பெரிய ஆபத்து வேறு: மின்வயரின் மேலுறை உரசிப் பிய்ந்தால் 230 வோல்ட் டேட்டா கேபிளில் ஏறி, நீங்கள் கையில் பிடிக்கிற கருவிக்கு வந்துவிடும். குறைந்த தூரத்துக்கு இணையாக ஓடினால் 5 செ.மீ., அறை நீளத்துக்கு ஓடினால் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இப்போது உங்கள் எலெக்ட்ரீஷியன் சொன்ன வைஃபை. போனும் லேப்டாப்பும் வைஃபையில்தான் இயங்கும், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் வைஃபை கருவிக்கே கேபிள் வேண்டும். புதிதாக வந்திருக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கடப்பதில் அது பழைய 2.4 கிகாஹெர்ட்ஸைவிட மோசம். வேகம் கூடக் கூட, தளத்துக்கு ஒன்றாக, பெரிய வீட்டில் இரண்டாக, வைஃபை கருவி கூரையில் உட்கார வேண்டியிருக்கும். அவை ஒன்றுக்கொன்று காற்று வழியாகப் பேசிக்கொண்டால் வேகம் பாதியாகிவிடும். கேபிள் வழியாகப் பேசினால் முழு வேகமும் உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் நடுப்பகுதிக் கூரையில் ஒரு பாக்ஸ் வைத்து, மையத்திலிருந்து அதற்கு 25 மி.மீ. பைப் கொண்டுபோங்கள். தரைத்தளக் கூரைக்கான பாக்ஸ் இந்த மூன்று வாரத்துக்குள் வைக்க வேண்டியது. மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும் என்பதால் பக்கத்தில் பிளக் வேண்டாம். கேபிள் வழி மின்சாரத்துக்கு 2003-ல் வந்த தரநிலை 15.4 வாட் தந்தது, 2009-ல் அது 30 வாட் ஆனது, 2018-ல் 90 வாட் வரை போய்விட்டது. கேமரா, வாசல் மணி, வைஃபை கருவி எல்லாவற்றுக்கும் இது போதும்.

எந்தக் கேபிள்? வீட்டுக்குள் எந்த ஓட்டமும் 30 மீட்டரைத் தாண்டுவது அரிது. கேட் 6 கேபிள் 10 கிகாபிட் வேகத்தைச் சுமார் 50 மீட்டர் வரை கடத்தும், 1 கிகாபிட்டை 100 மீட்டர் வரை கடத்தும். உங்களுக்குக் கேட் 6 போதும். கூரை வைஃபை பாயின்ட்டுகளுக்கு மட்டும், வசதியிருந்தால், கேட் 6ஏ போடலாம். அது தடிமனாக இருக்கும், வளைக்கக் கடினம். கேட் 8 என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம், அது சர்வர் அறைகளில் 30 மீட்டருக்குள் ஓடுவதற்காகச் செய்தது. கேட்டகிரி எண்ணைவிட உலோகத்தைப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் நிறைய இருக்கிறது. அதன் மின்தடை அதிகம், மின்சாரம் கடத்தும்போது சூடாகும், ஜாக்கில் பொருத்தும்போது இழை முறியும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறேன். டி.வி. சுவரில் 2, படிக்கும் அல்லது வேலை செய்யும் மேஜைக்கு 2, மூன்று படுக்கையறைக்குத் தலா 1, கூரை வைஃபை 2, வெளிக் கேமரா 4, வாசல் மணி 1. மொத்தம் 14 பாயின்ட். சராசரியாக 15 மீட்டர் ஓட்டம், மையத்தில் சுருட்டி வைக்க 3 மீட்டர் என்று எடுத்தால் 252 மீட்டர் வரும். கேட் 6 கேபிள் 305 மீட்டர் பெட்டியாகக் கிடைக்கும், ஒரு பெட்டியில் முடிந்துவிடும். பணம் இடிக்கிறது என்றால் பைப்பைப் பதினான்கு பாயின்ட்டுக்கும் போட்டுவிட்டு, கேபிளை டி.வி., மேஜை, வைஃபை, வாசல் ஆகிய ஏழுக்கு மட்டும் இழுங்கள். மற்ற ஏழிலும் நைலான் கயிறு காத்திருக்கட்டும்.

டி.வி. சுவருக்கு இன்னொன்றும் செய்ய வேண்டும். டி.வி.க்குப் பின்னாலிருந்து கீழே உள்ள அலமாரிக்கு 50 மி.மீ. பைப் ஒன்று, வளைவே இல்லாமல் நேராக இறங்கட்டும். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை அகலமானது, அதை வெட்டிச் சிறிதாக்கவும் முடியாது, 25 மி.மீ. பைப்பில் அது போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மின்வயர் பக்கம் வருவோம். உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் இன்றே சொல்ல வேண்டிய ஒரு வரி இது: "ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வேண்டும்." பழைய முறையில் ஸ்விட்சுக்கு ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர், மட்டும் வந்து போகும். ஸ்மார்ட் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மின்னணு எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் வகையும் விற்கிறார்கள். அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கு வழியாக இழுத்துக்கொள்வதால், அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரியும் அல்லது துடிக்கும். அந்த நியூட்ரல், அதே பாக்ஸுக்கு வரும் ஃபேஸின் சர்க்யூட்டையே சேர்ந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கினால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகும், காரணம் கண்டுபிடிக்க ஆட்கள் நாள் கணக்கில் தேடுவார்கள். படிக்கட்டு போன்ற இரு இட ஸ்விட்சுகளுக்கு நடுவே வழக்கமான வயர்களோடு ஒரு உபரி வயரையும் விட்டு வையுங்கள்.

ஸ்விட்ச் பாக்ஸ் ஆழம் 50 மி.மீ. அளவில் இருக்கட்டும். ஆழம் குறைந்த பாக்ஸில் ஸ்விட்சுக்குப் பின்னால், அதை ஸ்மார்ட் ஆக்கும் ரிலே மாட்யூல் வைக்க இடம் இருக்காது. அமுக்கித் திணித்தால் வயர் இணைப்பு தளர்ந்து சூடாகும். சுவரில் பதிப்பது முழு இரும்பு பாக்ஸாக இருந்தால் அதற்குள் வைக்கும் மாட்யூலுக்கு சிக்னல் குறையும், பிளாஸ்டிக் பாக்ஸ் நல்லது. ஜன்னல் மேல்மூலையில் திரைச்சீலை மோட்டாருக்காக ஒரு பாக்ஸ், கூரை விளிம்பு விளக்கின் டிரைவருக்கு (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) கை எட்டும் ஒரு இடம், இவற்றையும் யோசித்து வையுங்கள். எல்.இ.டி.யில் முதலில் சாவது டிரைவர்தான். அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் எட்டாத இடத்தில் வைத்தால், விளக்கு போனதும் சீலிங்கைக் கிழிக்கும்படி ஆகிவிடும். யு.எஸ்.பி. சார்ஜர் சேர்ந்த பிளக் பாயின்ட் வீடு முழுக்க வாங்க வேண்டாம். சார்ஜிங் வகை மாறிக்கொண்டே இருக்கிறது, சாதாரண பிளக் மாறாது.

பைப்பில் இடம் இருக்கிறதே என்று எல்லா சர்க்யூட்டையும் ஒன்றிலேயே நுழைப்பதும் தவறு. சேர்ந்து ஓடும் வயர்கள் ஒன்றையொன்று சூடாக்கும். ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் முழுச் சுமையில் ஓடினால் வயரின் தாங்குதிறன் 80 சதவீதமாகவும், மூன்று ஓடினால் 70 சதவீதமாகவும் குறைத்துக் கணக்கிட வேண்டும். ஏ.சி., வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு போன்ற பெரிய சுமைகளுக்குத் தனித்தனி சர்க்யூட், தனித்தனிப் பைப்.

மெயின் போர்டில் இன்று தேவைப்படும் இடத்தைப் போல மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்; 24 வழி தேவை என்றால் 32 வழி போர்டு. இடிமின்னல் அலையைத் தடுக்கும் கருவிக்கும் மின்சார அளவீட்டுக் கருவிக்கும் அதில் இடம் வேண்டும். வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றே ஒன்று போடுவது தவறான சிக்கனம். ஒவ்வொரு மின்னணுக் கருவியும் மிகச் சிறிய கசிவை எர்த்துக்கு அனுப்பும். கருவிகள் பெருகப் பெருக அந்தக் கசிவு கூடி, ஒரு நாள் எந்தப் பழுதும் இல்லாமலே வீடு முழுதும் இருட்டாகும். சர்க்யூட்டுகளைப் பிரித்து, முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் கசிவுத் தடுப்பும் ஓவர்லோட் தடுப்பும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. போடுங்கள். வகை ஏ-யாக இருக்கட்டும். வகை ஏ.சி. என்று குறிக்கப்படும் பழைய ஆர்.சி.பி.ஓ., இன்வெர்ட்டர் முறையில் இயங்கும் இன்றைய கருவிகளின் கசிவைச் சரியாக உணராது.

இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் எதுவும் இன்று வாங்காவிட்டாலும், பேக்அப் தேவைப்படும் சர்க்யூட்டுகளை இப்போதே தனி போர்டாகப் பிரித்துவிடுங்கள்: விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், நெட்வொர்க் மையம். அந்த போர்டுக்கு நியூட்ரல் பட்டையும் தனி. பின்னால் இன்வெர்ட்டர் வரும்போது இரண்டு வயரை மாற்றினால் வேலை முடிந்துவிடும். நியூட்ரல் கலந்திருந்தால் இன்வெர்ட்டரும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து இயங்காது. மொட்டை மாடியிலிருந்து இன்வெர்ட்டர் இடத்துக்கு, ஏறும் பாதைக்குப் புறம்பாக, 32 மி.மீ. பைப் இரண்டு விட்டால் சோலாரின் டி.சி. வயருக்கு ஆகும். சோலார் தரும் டி.சி. மின்சார வயரையும் வீட்டின் ஏ.சி. மின்சார வயரையும் ஒரே பைப்பில் விடக் கூடாது.

மின்வாகனத்துக்கு இன்று கார் இல்லாவிட்டாலும், நிறுத்தும் இடத்துக்கு மெயின் போர்டிலிருந்து 40 மி.மீ. பைப் ஒன்றும், டேட்டாவுக்கு 25 மி.மீ. பைப் ஒன்றும் புதையுங்கள். ஒற்றை ஃபேஸில் 32 ஆம்பியர் சார்ஜர் என்பது சுமார் 7.4 கிலோவாட், அதுவும் மணிக்கணக்கில் இடைவிடாமல். போர்டிலிருந்து 30 மீட்டர் தூரம் என்றால், 6 சதுர மி.மீ. வயரில் 6 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. வயர் சூடானதும் அது இன்னும் கூடும். 10 சதுர மி.மீ. போட்டால் சுமார் 4 வோல்ட்டோடு நிற்கும். 10 மீட்டருக்குள் என்றால் 6 சதுர மி.மீ. போதும். டேட்டா பைப் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டில் ஏ.சி.களும் அடுப்பும் ஓடும்போது சார்ஜர் தானாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, மெயின் போர்டில் உள்ள அளவீட்டுக் கருவியோடு அது பேச வேண்டும். அந்தக் கேபிள் இருந்தால் மின் இணைப்பின் அளவைக் கூட்டாமலே காரை சார்ஜ் செய்யலாம்.

முழு வீடும் ஸ்மார்ட் சிஸ்டம் என்ற யோசனையைப் பற்றி என் கருத்து வெளிப்படையானது: உங்களுக்கு வேண்டாம். எல்லா விளக்கு வயரையும் ஒரு மையப் பெட்டிக்குக் கொண்டுபோய், ஸ்விட்சுகளில் வெறும் சிக்னல் வயர் மட்டும் விடும் அமைப்புகளில், அந்தப் பெட்டியோ அதைச் செய்த நிறுவனமோ போனால் வீட்டில் விளக்குப் போட முடியாது. கே.என்.எக்ஸ். போலப் பல நிறுவனங்கள் சேர்ந்து கடைப்பிடிக்கும் பொதுத்தரம் இருப்பவை பாதுகாப்பானவை. ஆனால் அவற்றுக்குத் தனி கேபிளும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும், உங்கள் பட்ஜெட்டில் அது முதல் செலவாக இருக்க முடியாது. வழக்கமான வயரிங், எல்லா பாக்ஸிலும் நியூட்ரல், ஆழமான பாக்ஸ். இந்த மூன்றும் இருந்தால் எந்த ஸ்விட்சையும் எந்த வருடத்திலும் ஸ்மார்ட் ஆக்கலாம், பிடிக்காவிட்டால் பழையபடி சாதாரண ஸ்விட்சை மாட்டலாம். வாங்கும்போது, பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்காக 2022-ல் வெளியான மேட்டர் பொதுத்தரத்தில் இயங்குவதா என்று கேளுங்கள். இன்டர்நெட் நின்றாலும் கையால் தட்டினால் எரிய வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாளும், சுவர் பூசுவதற்கு முந்தின நாளும், ஒவ்வொரு கூரையையும் சுவரையும் அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை செ.மீ. என்று படத்தில் தெரிய வேண்டும். பிற்காலத்தில் ஆணியடிக்கும் போதும் பைப் தேடும் போதும் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு எண் கொடுத்து இரு முனையிலும் எழுதுங்கள். அதே எண்களோடு ஒரு வரைபடத்தை மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை. டேட்டா கேபிள் ஒவ்வொன்றிலும் எட்டு இழையும் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஜாக் பொருத்தும் இடத்தில் ஜோடி முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரித்திருந்தால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மின்வயர்களில் காப்புத்தடையை 500 வோல்ட் மெக்கர் வைத்து அளக்க வேண்டும், எந்தக் கருவியும் மாட்டுவதற்கு முன்பே. மாட்டிய பிறகு அளந்தால் கருவி கெட்டுவிடும். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் அழுத்தி, எந்த எந்தப் பாயின்ட் அணைகிறது என்று வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் நியூட்ரல் கலந்திருக்கலாம், அப்படியிருந்தால் அதை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.